திரையில் துடித்த கதவு

திரையில் ஒரு சுவர் துடித்தால் எனக்கும் கூடவே மண்டைக்குள் துடிக்கும். கணபதி ஏரியாவில் என் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, வீடு கட்டுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. பொறுமை வேண்டிய தொழில். அது எனக்குக் கிடையாது.

சரவணம்பட்டிப் பக்கம் ஓர் அண்ணனும் தம்பியும் ஒட்டினாற்போல் இரண்டு வீடு கட்டவிருந்தார்கள். நடுவில் ஒரே பொதுச் சுவர். அண்ணன் வீட்டில் அவர்களுடைய அம்மாவுக்கு ஓர் அறை. அங்கிருந்து தம்பி வீட்டுக்குப் போக, பொதுச் சுவரில் ஒரு கதவு. அந்தம்மா கேட்டது அது ஒன்றைத்தான். முட்டிவலிக்காரர், படியிறங்கித் தெருவழியாகச் சுற்றிப் போக அவரால் ஆகாது.

அண்ணன் வீட்டை நான் வரைந்தேன். தம்பி வீட்டை அவர் மனைவிக்குத் தெரிந்த ஓர் இன்ஜினியர் வரைந்து அனுப்பினார். இரண்டையும் சேர்த்ததும் பிடித்தது சனி. படத்தைக் கொஞ்சம் திருப்பினால் கதவு தெரிகிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் சுவர் மூடிக்கொள்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் துடைத்தேன். படத்தில் நிழல் விழுவதை நிறுத்திப் பார்த்தேன். ம்ஹூம். அட கருமமே என்று திட்டிக்கொண்டு, கடைசியில் ஒரு வீட்டை மறைத்து மற்றதை மட்டும் பார்த்தேன். என் படத்தில் கதவு அசையாமல் நின்றது. அவர் படத்தில் அதே இடத்தில் முழுச் சுவர், கதவே இல்லை. ஓர் உறைக்குள் இரண்டு கத்தி. எதைக் காட்டுவது என்று தெரியாமல் திரை தடுமாறியிருக்கிறது.

மறந்திருப்பார் என்று நினைத்து இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"மறக்கலீங்க. கதவு வேண்டாம்னு தம்பி ஊட்டுல சொன்னாங்க" என்றார்.

அடுத்த நாள் எல்லோரும் படம் பார்க்க வந்தார்கள். அந்தம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"ஏங் கண்ணு, கதவு இருக்குது, அப்பறம் இல்லாமப் போகுது?"

சமாளித்திருக்கலாம். எனக்கு அதெல்லாம் வராது.

"ஒரே எடத்துல ரெண்டு செவுரு இருக்குதுங்கம்மா. ஒண்ணுல கதவு இருக்குது, ஒண்ணுல இல்லீங்க. எதை எடுக்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி செல்போனைப் பார்த்தார். அவர் மனைவிதான் வாய் திறந்தார்.

"நாந்தானுங்க வேண்டாம்னேன். அத்தை, நான் ராத்திரி முழுக்க ஐடி வேலை பார்த்துட்டுப் பகல்லதான் தூங்கறனுங்க. அந்தக் கதவு நேரா நாங்க படுக்கற ரூமுக்குப் பக்கத்துல வருது. நீங்க பாட்டுக்குத் தொறந்துட்டு வந்துபோடுவீங்க."

அதில் பொய்யில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் பெற்ற பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு யார் உள்ளே போகிறார்கள்? நேராகச் சமையலறைக்குப் போய்க் குண்டானைத் திறந்து பார்ப்பதுதான் வழக்கம். என் மாமியார் இன்றும் அப்படித்தான். யார்மேல் கோபப்படுவது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தம்மா திரையை விட்டு நிமிர்ந்தார்.

"தட்டிப்போட்டு வாரேன் சாமி" என்றார் மருமகளிடம்.

மருமகள் தரையைப் பார்த்தபடி, "எங்க செவுத்த எடுத்துருங்க" என்றார்.

எடுத்தேன். எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினேன். கதவு நின்ற இடத்தில் நின்றது. தம்பி பெருமூச்சு விட்டுச் செல்போனைப் பையில் போட்டார்.

அந்தம்மா மட்டும் நகரவில்லை.

"தாப்பா எந்தப் பக்கம் வருது கண்ணு?"

தாழ்ப்பாள் நான் இன்னும் வரையவில்லை. இரண்டு பக்கமும் வைப்பதுதான் வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவ பக்கமே வெச்சுரு" என்றார். "என்ற பக்கம் வேண்டாம்."