கயிறு பிடிக்கிறவன்

என் சீதனம் ஒரு உக்கின கப்பல். காணியும் நகையும் கொடுக்க வழியில்லாத, என்னைப் பெற்ற ஐயா, நாயாற்றுக் களப்போரம் மணலில் பாதி புதைந்து கிடந்த தன் வத்தையைக் காட்டி, "இதுதான் என்னட்டை இருக்கு" என்றார். வத்தை என்பது இரட்டைப் பாய்மரம் வைத்த மரக்கப்பல். ஒரு காலத்தில் கூரை ஓடும் உப்பும் கருவாடும் ஏற்றிக் கரையோரமாக ஓடியது. சண்டை தொடங்கிக் கடலை மூடியதும் கரையில் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அதில் நண்டுகள்தான் குடியிருந்தன. மாப்பிள்ளை வீட்டாரின் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாப்பிள்ளை மட்டும் கப்பலைச் சுற்றி வந்து, பலகையைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, "அடிப்பலகை இலுப்பை. இன்னும் சாகேல்லை" என்றார். அன்றைக்கு என்னை ஒருமுறையாவது ஏறெடுத்துப் பார்த்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

அவர் சுழியோடி. மூச்சடக்கி மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். எங்கள் ஆட்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுழியோடி இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்குவான். அந்தக் கயிற்றின் மறுநுனியை அவன் மனைவியுடன் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். கடலில் இறங்கினாலும் அப்படித்தான். சொந்த அண்ணன் தம்பி என்றால் ஒரு கணம் பங்குக் காணியின் நினைப்பு வரலாம். மச்சானுக்கு வராது. அவன் கையை விட்டால் அறுவது அக்காவின் தாலி. அப்படி என் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என் தம்பி. அம்மா போன பிறகு நான் வளர்த்தவன். எங்களுக்குப் பிள்ளை இல்லை, பிள்ளையும் அவன்தான்.

சமாதானம் வந்து கண்டி வீதி திறந்ததும் கிளிநொச்சியில் தொண்டு நிறுவனத்து வெள்ளைக்காரர்கள் நிறைந்தார்கள். வெளிநாட்டிலிருந்து எங்கள் சனமும் விடுமுறைக்கு வந்தது. எல்லாரும் கடலைத்தான் கேட்டார்கள். ஒருநாள் இவர் சோற்றைப் பிசைந்தபடி, "கப்பலை எழுப்பினா, அதிலையே படுத்தெழும்பிக் கடலுக்கு அடியிலை பாக்க ஆக்கள் வருவினம்" என்றார்.

"வீட்டை விட்டுட்டு உந்தக் கருவாட்டுப் பெட்டிக்குள்ளை வந்து படுக்க ஆருக்கு விசர்?" என்று கேட்டேன். விசர் உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

இவரும் தம்பியுமாக ஒரு மாரிக்காலம் முழுக்கக் கப்பலோடு மல்லுக்கட்டினார்கள். உக்கின பலகையை உரித்தார்கள், இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்தார்கள், வெளியே சுறா எண்ணெய் பூசினார்கள். அந்த நாற்றம் என் சேலைக்கும் வந்து, எந்தச் சவர்க்காரத்துக்கும் போகமாட்டேன் என்று நின்றது. கருவாடு அடுக்கிய அறையில் கட்டில்கள் போட்டார்கள். பின்பக்கம் பலகையில் ஓட்டை வெட்டி, சுற்றிச் சாக்கு மறைத்து, அதுதான் கக்கூஸ் என்றார்கள். எனக்கு மேல்தட்டில் ஒரு மணல்பெட்டி, அதன்மேல் அடுப்பு. அதுவே என் குசினி. கேட்க வேண்டியவர்களிடம் எல்லாம் கேட்டு, களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம் மணல்மூடி அடைபட முன்னர் கடலில் விட்டபோது கப்பல் ஒருபக்கம் சரிந்து, பிறகு நிமிர்ந்தது. நான் அழுதேன். அவ்வளவு திட்டிய கப்பலுக்காக அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

சோளகக் காற்று வீசி எங்கள் கடல் அடங்கிக் கிடந்த அந்த இரண்டு பருவமும் என் வாழ்க்கையில் நான் சிரித்த காலம். ஆட்கள் வந்து இரண்டு மூன்று நாள் கப்பலிலேயே தங்குவார்கள். கடலடிப் பாறைத்திட்டுகளை 'பார்' என்போம். ஒவ்வொரு பாருக்கும் மேலே நங்கூரம் போட்டு, அவர்கள் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்க, இவர் முன்னே வழிகாட்டிப் போவார். நான் புட்டும் கணவாய்க் கறியும் ஆக்குவேன். உறைப்பான ஒடியல் கூழைக் குடித்துவிட்டுக் கண்ணால் மூக்கால் நீர் ஓட, இன்னும் ஒரு கோப்பை கேட்டவர்களும் உண்டு. "கீழே என்ன மணம்?" என்று கேட்டால், கப்பலின் மணம் என்று சொல்லிவிடுவேன். கருவாடு என்று சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா?

கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு வந்து கொஞ்சம் தமிழ் பழகியிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அடிக்கடி வருவாள். சிலிண்டர் இருக்கும்போதும் இவர் கயிறு கட்டுவதைப் பார்த்து அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

"காற்று இருக்கு. கயிறு ஏன்?" என்று கேட்டாள்.

"காத்து முதுகிலை இருக்கு. என்னைத் திருப்பி எடுக்கிறவன் மேலை நிக்கிறான்" என்றார் இவர்.

மறுநுனியைப் பாய்மரத்தில் கட்டிவிட்டால் தம்பிக்குக் கை நோகாதே என்றாள். தம்பி தலையாட்டினான். "கட்டினாக் கயிறு கதைக்காது. கையிலை இருந்தாத்தான் கதைக்கும்." கீழேயிருந்து ஒருமுறை சுண்டினால் 'இருக்கிறாயா?' என்று கேள்வி. மேலேயிருந்து ஒருமுறை சுண்டினால் 'இருக்கிறேன்'. அவர்கள் இரண்டு பேரும் நாள் முழுக்க அப்படிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அவ்வளவு கதை கிடையாது.

"சரி, உன்ர இடுப்பிலை கட்டலாமே?" அவள் விடவில்லை.

"பிடிக்கிறவன் கட்டிறேல்லை. கட்டினா இழுபட்டு ரண்டு பேரும் போவினம். ஒராளாவது அக்காட்டைத் திரும்பிப் போகவேணும்."

அப்படியென்றால் நீயும் ஒருநாள் இறங்கிப் பாரேன் என்றாள். தம்பிக்கு வெட்கம் வந்துவிட்டது. கலியாணம் ஆகாதவனுக்கு ஏது மச்சான்? மச்சான் இல்லாதவன் மூழ்கக் கூடாது. பிறந்ததிலிருந்து கடலோரம் கிடந்தவன், வருசக்கணக்காகக் கயிறு பிடித்தவன், கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அதுவரை பார்த்ததேயில்லை. அவள் தன் முகக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் கொஞ்சம் யோசித்தான். "தலையை மட்டும் விடலாம். கழுத்துக்குக் கீழை எண்டா மச்சான் வேணும்" என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, கப்பலோடு கட்டியிருந்த சின்னத் தோணியில் இறங்கி, அதன் விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டான். பின்பக்கம் வானத்தைப் பார்க்க, கால் இரண்டும் உதற, நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தோம். எழும்பியவன் முகத்தில் கண்ணாடி அழுத்திய வட்டம் சிவந்து கிடந்தது.

"அக்கா, கீழை ஒரு ஊர் இருக்கு" என்றான். "எனக்குக் கெதியாப் பெம்பிளை பாருங்கோ. தமையன் உள்ள பெம்பிளையாப் பாருங்கோ."

ஊரில் பெடியன்களுக்குக் கலியாண ஆசை எதற்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். என் தம்பிக்கு மீன் பார்க்க வந்தது.

பரந்தனில் எங்களுக்குத் தூரத்து உறவில் ஒரு மாமி இருந்தா. சம்பந்தம் பேசி வைப்பதில் அவாவை மிஞ்ச ஆள் இல்லை. பஸ் ஏறிப் போய் விசயத்தைச் சொன்னேன். மாமி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தா. "பெம்பிளை வடிவோ எண்டு கேப்பினம், சாதகம் கேப்பினம். தமையனுக்குக் கை பலமோ எண்டு கேட்ட ஆள் நீ ஒருத்திதான்."

முதல் பெண் முல்லைத்தீவில் அமைந்தாள். அண்ணன்காரன் வலை இழுக்கிறவன், கை இரும்பு. தை பிறக்கட்டும் என்று இருந்தோம். மார்கழியில் கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. நாங்கள் உள்ளுக்கு இருந்ததால் தப்பினோம். அந்தப் பெண் பனையைக் கட்டிப்பிடித்துத் தப்பினாள், அண்ணன் போய்விட்டான். மாரிக்குக் களப்பில் கட்டிக் கிடந்த கப்பல் கயிறறுத்துப் போய்க் கண்டல் மரங்களுக்குள் செருகிக்கொண்டது. அதை மீட்டு எடுத்தோம், ஆனால் கடலுக்கு அடியில் பார்க்க யாரும் வரவில்லை. கடல் மேலே வந்து எல்லாவற்றையும் காட்டிவிட்டது, இனி யார் இறங்கிப் பார்க்கப் போகிறார்கள்?

பிறகு பழைய குருடி கதவைத் திறவடி என்று சண்டை வந்தது. கடலை மறுபடி மூடினார்கள். மாமி மட்டும் விடாமல் பெண் சொல்லிக்கொண்டிருந்தா. ஒருத்தியின் தம்பி சண்டைக்குப் போய்ப் படமாக வந்தான். இன்னொருத்தியின் அண்ணன் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போன உழவு இயந்திரத்தோடு செல் குண்டு விழுந்து போனான். நாங்கள் பேசிப் போகும் வீடெல்லாம் செத்தவீடாக மாறியது. செத்தவீட்டில் எப்படிக் கலியாணக் கதை எடுப்பது? வன்னியில் பெண்ணுக்குப் பஞ்சமில்லை. அண்ணன் தம்பி மிஞ்சிய பெண்தான் குதிரைக்கொம்பாகிவிட்டாள். எனக்குக் கடவுள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு பெண், ஒரு அண்ணன், இரண்டு கை. அவ்வளவுதானே கேட்டேன்?

கப்பலை இவரே உடைத்தார். பதுங்கிக் கிடக்க வெட்டிய பங்கருக்கு மேலே போட மரம் வேண்டியிருந்தது. தட்டிப் பார்த்து "சாகேல்லை" என்று சொன்ன அதே இலுப்பைப் பலகைகளை ஆணி பிடுங்கி, ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் காவிக்கொண்டு போனோம். செல் விழும்போது அந்தப் பலகைக்குக் கீழே மூன்று பேரும் ஒடுங்கிக் கிடப்போம். பலகையில் இன்னும் சுறா எண்ணெய் மணக்கும். தம்பி ஒருநாள் இருட்டுக்குள், "வெள்ளைக்காரி வந்தா இப்ப மேலையும் கீழையும் ஒண்டுதான் எண்டு சொல்லவேணும்" என்றான். சிரித்தோம். பிறகு பலகைகளையும் விட்டுவிட்டு ஓடினோம். கயிற்றை மட்டும் அவன் விடவில்லை, தோளில் சுற்றிப் போட்டிருந்தான்.

கடைசியில் நந்திக்கடல் களப்பைக் கடக்க வேண்டி வந்தது. வெயில் ஏறிவிட்டது. சனம் சனமாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் வெடி. எனக்கு நீந்தத் தெரியாது. இவருக்குக் காலில் காயம். தம்பி கயிற்றை எடுத்து முதலில் இவர் இடுப்பிலும், பிறகு என் இடுப்பிலும் கட்டினான். இவர் முன்னே, நான் நடுவில். பின்நுனியை அவன் கையில் சுற்றிக்கொண்டான்.

"நீயும் கட்டடா" என்று கத்தினேன்.

"பிடிக்கிறவன் கட்டிறேல்லை அக்கா. நடவுங்கோ."

தண்ணீர் இடுப்பு, நெஞ்சு என்று ஏறியது. கழுத்துக்கு வந்தபோது எனக்கு அவன் போட்ட சட்டம் நினைவு வந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை, பின்னாலிருந்து சனம் நெருக்கியது. என் இடுப்பில் கயிறு ஒருமுறை சுண்டியது. நானும் ஒருமுறை சுண்டினேன். கொஞ்சத் தூரம் போக மறுபடி சுண்டியது. மறுபடி சுண்டினேன். எனக்கு அந்தக் கதை அன்றைக்குத்தான் பழகியது. பிறகு பெரிய சத்தம் ஒன்று கேட்டது, தண்ணீர் எழும்பி முகத்தில் அடித்தது, சனம் எங்களைத் தள்ளிக்கொண்டே போனது.

கால் தரையில் பட்டதும் நான் கயிற்றைச் சுண்டினேன். பதில் இல்லை. இவர் என் கையிலிருந்து வாங்கிச் சுண்டினார். பிறகு இழுத்தார். கயிறு பாரமில்லாமல் வந்தது. நான் தண்ணீருக்குள் திரும்ப ஓடப் பார்த்தேன். இவர் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஆமிக்காரர் நடக்கச் சொல்லிக் கத்தினார்கள். கட்டியிருந்தால் இழுத்து எடுத்திருக்கலாம் என்று இவர் சொல்லுவார். கட்டியிருந்தால் நாங்களும் போயிருப்போம் என்று அடுத்த மூச்சில் சொல்லுவார்.

வவுனியா முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது யாரோ என் தோளைத் தொட்டார்கள். பரந்தன் மாமி. பாதியாக இளைத்திருந்தா. வெற்றிலை இல்லாத வாய் வெளிறிக் கிடந்தது. என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்தபடியே சுற்றுமுற்றும் பார்த்தா.

"தம்பி எங்கையடி? அவனுக்குப் பொருத்தமா ஒரு பெம்பிளைப் பிள்ளை இருக்கு, எங்கட கூடாரத்துக்குப் பக்கத்திலைதான். தமையனும் உயிரோடை வந்திருக்கிறான்."

சொல்ல வாயைத் திறந்தேன். வேறொன்றுதான் வந்தது. "தமையனுக்குக் கை பலமோ மாமி?"

"ஓமடி பிள்ளை" என்றா மாமி. "ரண்டு கையும் இருக்கு."