கதவோரத்துக்கு ஒரு துவாய்

குலசேகரம் துவாயை முதலில் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிறார். கன்னம் சம்மதித்தால்தான் அது காருக்குப் போகும். தையல் விளிம்பை உள்ளே மடித்து, கூரையில் விரித்து, இரண்டு நுனியையும் பிடித்து மெல்ல இழுக்கிறார். அழுத்தித் தேய்க்க மாட்டார். "கீறிப்போடும்" என்பார், யாரும் கேட்காமலே.

நோர்வேயின் எல்லிங்ஸ்ருட்டில், பெற்றோல் நிலையத்தை ஒட்டிய கார் கழுவும் கொட்டகை அது. வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே வெகுதூரம் இறங்கிக் கிடக்கிறது. ஊரே, வீதிப் பனியைக் கரைக்கப் போட்ட உப்பும் சேறும் பூசிய கார்களில் திரிகிற சனவரியில், இந்த மனிதர் மட்டும் வாரம் தவறாமல் இங்கே நிற்கிறார்.

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் துவாய் வாங்கப் போனால் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். கடையில் நிற்கும் பெண், "குழந்தைக்கா?" என்று கேட்டால் கூச்சப்பட்டுத் தலையாட்டுவார். கண்ணாடிக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. நிலத்தில் விழுந்தது அன்றோடு சில்லுத் துடைக்கப் போய்விடும். அதற்கு மன்னிப்பே கிடையாது. ஒருமுறை மனைவி இந்திராதேவி அவற்றை வாசனைத் திரவம் விட்டுத் தோய்த்துவிட்டாள்.

"மெதுவாய் இருக்கட்டுமெண்டு போட்டனான்."

"மெதுவாய்த்தான் இருக்கு. தண்ணியை உறிஞ்சுதில்லையே!"

அன்றிலிருந்து துவாய்களைத் தானே தோய்க்கிறார்.

ஆனால் அவருக்கு உயிரான துவாய் வேறு. கதவைச் சுற்றியுள்ள றப்பரைத் துடைக்கிற பழையது. அங்கே ஈரம் நின்றால் உறைந்து கதவு ஒட்டிக்கொள்ளும். போன வருஷம் அப்படி ஒட்டியதை இழுத்ததில் கைப்பிடி கழன்று கையோடு வந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை. கலியாணமாகிப் பதினோராம் வருஷத்தில் இந்திராதேவிக்கு இது நிறைமாதம். அவசரத்துக்குக் கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

"அப்ப கழுவாமல் விடுங்கோவன்" என்றாள் அவள்.

"பிள்ளை வாற கார். ஊத்தையாய் நிக்கலாமே?"

ஆக, தானே கழுவி வரவழைத்த பயத்தைத் தானே துடைத்துக்கொண்டு நிற்கிறார், பாவம். போன கிழமை வலி என்று ஓடியபோது, இன்னும் நேரமாகவில்லை என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளைத் தனியே வீட்டில் விடப் பயந்து கார் கழுவவும் கூட்டி வருகிறார்.

வியாழக்கிழமை மூன்று கதவு முடிந்து நாலாவதற்குக் குனிந்தார். பெற்றோல் நிலையத்துக்குள் கதிரையில் இருந்த இந்திராதேவி இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"இஞ்சாருங்கோ, வெளிக்கிடுவம்."

"இந்த ஒரு கதவு மட்டும்..."

"இப்ப!"

துடைக்காத அந்தக் கதவாலேயே அவள் ஏறினாள். கதவு உறையாமலிருக்க வழியெல்லாம் காருக்குள் சூட்டை முழுதாகக் கூட்டிவிட்டு, வேர்க்க வேர்க்க ஓட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிச் சுற்றி ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்தார். இழுத்தார். றப்பர் சற்றுப் பிடித்தது, பிறகு விட்டது. அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார்.

கார் வாசலிலேயே, கதவு ஆவென்று திறந்தபடி நின்றது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்த காவலாளி வந்து அதைச் சாத்தினான்.

உள்ளேயிருந்து குலசேகரம் ஓடிவந்தார். "நை, நை!" என்று நோர்வேஜியத்தில் தடுத்தார். மிச்சம் தமிழில்தான் வந்தது: "திருப்பி அனுப்பினாங்களெண்டால் நான் என்னெண்டு திறக்கிறது?"

கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, மறுபடியும் உள்ளே ஓடினார்.