பதினான்காம் கேள்விக்கு எழுதிய விடை

“2021 செப்டம்பர் 14 அன்று, ரகசியம் என்று வாக்களித்து வாங்கிய படிவத்தைப் படித்து, அதையே காரணமாக்கி, மருத்துவமனைத் தொலைபேசி அறையிலிருந்து என்னை வெளியேற்றிய குற்றம் நிர்வாக அலுவலரைச் சாரும்.”

புகார்க் கடிதத்தின் இந்த முதல் வாக்கியத்தை மூன்று முறை திருத்திய பிறகே ரசீதக்கா அடுத்த வரிக்குப் போனாள். பேருந்துச் சீட்டைக்கூடக் கிழித்துப் போடாதவள் என்பதால் உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது.

பெருந்தொற்றின்போது நோயாளிகளின் உறவினர்களை உள்ளே விடவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாகத் தொலைபேசி ஆபரேட்டராக அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் அவர்களுக்கு இருந்த ஒரே வாசல். “அப்பா கண்ணு முழிச்சாரா?” என்று கேட்டவர்களுக்கு வார்டில் விசாரித்துச் சொன்னாள். சொல்ல நா எழாத செய்திகளையும் அவளே சொன்னாள். வீட்டில் எந்த மணி அடித்தாலும் பதறுவாள், சோறு இறங்காது. காலையில் அந்த நாற்காலியில் அமர்ந்ததும் பதற்றம் அடங்கிவிடும்.

அப்போதுதான் ஊழியர் மனநலப் படிவம் வந்தது.

“உள்ளதை உள்ளபடி எழுதுங்கம்மா, யாரும் பார்க்க மாட்டோம்” என்றார் நிர்வாக அலுவலர்.

விவரம் தெரிந்தவர்கள் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுத் தப்பித்தார்கள். அவள் உண்மையை எழுதினாள். மணி அடித்தால் பயமா? ஆம். உறக்கம்? மூன்று மணி நேரம். பதினான்காம் கேள்வி, உங்களைத் தாங்கி நிறுத்துவது எது? ‘என் வேலை.’

ஐந்தாம் நாள் மாற்றல் ஆணை வந்தது. பழைய ஆவண அறை.

“ஃபோன் அடிச்சா பயம்னா, ஃபோன் இல்லாத இடம் நல்லதுதானேம்மா?”

“பயத்தைப் படிச்சீங்களே சார், பதினாலாவது கேள்வி வரைக்கும் படிக்கலையா?”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

படிவத்தில் இல்லாத நோய் அந்த அறையில்தான் வந்தது. மனிதக் குரலே கேட்காத இடம். தலைவாரிக்கொள்ளக்கூடத் தோன்றாத மாதங்கள். மருத்துவரின் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிவைத்தாள்.

“விட்டுத் தொலையேன்க்கா. யானையோட எறும்பு மோத முடியுமா?” என்றாள் தங்கை.

“மோத வேணாம்டி. காதுக்குள்ள போனா போதும்.”

காகிதம் சேர்ப்பவளைக் காகிதக் கிடங்குக்கு அனுப்பியது, மீனைக் குளத்தில் தள்ளித் தண்டித்த கதை. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அலமாரி அலமாரியாகப் பட்டியலிட்டாள். கோப்பு வழங்கும் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தது. மனநலப் படிவக் கட்டு, செப்டம்பர் 10, பெற்றவர் நிர்வாக அலுவலர். பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே, ‘ஆபரேட்டர் படிவம் மட்டும்.’

எல்லோருடைய படிவங்களும் இருந்த அந்தக் கட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அவிழ்க்கவில்லை. அந்தக் குற்றத்தில் அவருக்குப் பங்காளி தேவையில்லை.

பதிவேட்டின் நகலை இணைத்து, நிர்வாகக் குழுவுக்கு எழுதிய கடிதத்தை நேரிலேயே கொண்டுபோனாள். எழுத்தர் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, சார் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறாரு. நிம்மதியாப் போகட்டுமே.”

“அவர் நிம்மதியாப் போகக் கூடாதுன்னுதான் தம்பி எழுதியிருக்கேன். முத்திரையைக் குத்துங்க.”

குத்தினார். மை காயும்வரை அவள் நகரவில்லை. கடைசிப் பத்தி இப்படி முடிந்திருந்தது:

“இணைப்பில் உள்ள கையொப்பம் அவருடையதா, யார் அனுமதியில் அப்படிவத்தை எடுத்தார், என் நாற்காலி எந்தத் தேதியில் எனக்குத் திரும்பும் என்ற மூன்றுக்கும், அவர் ஓய்வு பெறும் நாளுக்கு முன்பாக, அவர் கையொப்பமிட்ட எழுத்துமூலமான பதிலைக் கோருகிறேன். வாய்மொழி விளக்கம் ஏற்கப்படாது.”