விரத நாள் குளிசை

“…தண்ணிகூட வாயில வைக்காம இருக்கிறன், அதுக்குள்ள குளிசையை எப்பிடித் தம்பி போடுறது? ஆறு நாள்தானே, முருகன் பாத்துக்கொள்ளுவார்,” என்றபடி அந்த அம்மா கார்டிகன் கையை இழுத்துவிட்டார்.

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த மனோர் பார்க்கில் ஒரு கோயில் மண்டபம். கந்தசஷ்டியின் மூன்றாம் நாள் பின்னேரம். நானும் ஒரு மருந்தாளரும் மேசை போட்டு, வருகிறவர்களுக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாவுக்கு இரண்டு முறை பார்த்தும் எண் இறங்கவில்லை. விரதம் தொடங்கிய நாளிலிருந்து பிரஷர் குளிசையை விட்டிருந்தார். இன்னும் மூன்று நாள் இப்படியே போனால் பாரிசவாதத்தில் விழுத்திவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

நான் வாய்க்காரன். உகண்டாவில் ஒரு கிராமத்துக் கிளினிக்கில் மூன்று மாதம் தொண்டு செய்தபோது அந்த வாயால்தான் கெட்டேன். அங்கே எனக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. பிள்ளைகளை நிறுப்பது, அட்டைகளை அடுக்குவது, தண்ணீர் சுமப்பது. நோன்பு மாதத்தில் ஒரு பெரியவர் குளிசையை நிறுத்திவிட்டார் என்றதும், மொழிபெயர்க்க ஆள் வைத்து அவருக்குப் பெரிய பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டார், நன்றி சொன்னார், அடுத்த கிழமை வரவேயில்லை.

அங்கே வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர் ஒரு பெண். நான் நன்றாகப் பேசுவதாகவும், பெரியவர் பேசத்தான் இடம் விடவில்லை என்றும் சொன்னார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பெரியவர் வீட்டுக்குப் போனார். குளிசை என்ற பேச்சையே எடுக்கவில்லை. எப்போது நோன்பு திறப்பீர்கள், முதலில் என்ன சாப்பிடுவீர்கள் என்றுதான் விசாரித்தார். கடைசியில் கிளினிக் தாதியோடு போனில் பேசிவிட்டு, இரவில் நோன்பு திறந்ததும் போடச் சொல்லி, குளிசைப் பெட்டியில் பேனாவால் ஒரு நிலவு கீறிக் கொடுத்தார். அதற்கடுத்த கிழமை பெரியவர் வந்தார்.

ஆகவே இந்த அம்மாவோடு நான் முருகனைப் பற்றி வாதாடப் போகவில்லை.

“எத்தினை மணிக்கு அம்மா வாயில ஏதும் வைப்பியள்?”

“பூசை முடிய, ஏழு மணிபோல. பாலும் பழமும்.”

மருந்தாளர் அவருடைய குளிசைப் பட்டையை வாங்கிப் பார்த்தார். இதைக் காலையில்தான் போட வேண்டும் என்றில்லை, பாலோடு போடலாம், ஆனால் விடிந்ததும் டொக்டருக்குப் போன் பண்ண வேண்டும் என்றார்.

அம்மா பட்டையைத் திரும்ப வாங்கினார். “அப்ப விரதம் முறியாதோ?”

“பாலுக்கு முறியாத விரதம் குளிசைக்கு மட்டும் ஏன் அம்மா முறியுது?” என்றேன்.

“நல்ல வாய்தான் உமக்கு,” என்று சிரித்தார். “சரி, பாலோட போடுறன்.”

பட்டையைக் கைப்பையில் வைத்து எழும்பியவர் வாசலுக்குப் போகவில்லை. பூசைக்குக் காத்திருந்த பெண்கள் பக்கம் போய், குனிந்து ஒவ்வொருவர் காதிலும் ஏதோ கேட்டார். பிறகு இரண்டு பேரைக் கைபிடித்து எங்கள் மேசைக்குக் கூட்டிவந்தார்.