வண்டி ஆறும் நேரம்

ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்ததும், சாம்பாரைச் சூடாக வைத்திருக்கும் சக்கர வண்டியின் பிளக்கைப் பிடுங்குவேன். அதன் தொட்டியில் வெந்நீர் தளும்பும். ஆறாமல் தள்ளினால் காலில் கொட்டிவிடும். என் வீட்டுக்காரருக்கோ எப்போதும் அவசரம். "உறையூர் வீட்டுக்குப் போகணும், தள்ளு" என்பார். "கை வெச்சீங்கன்னா பாருங்க" என்று கத்துவேன். முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்காருவார்.

ஓரத் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவேன். அது உடனே காய்ந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். ஆவி மெல்ல எழும். காவிரிக் காற்று அதைக் கலைக்கும். எங்கள் பேச்சும் அப்படித்தான், எங்கோ தொடங்கி எங்கோ மிதக்கும்.

நேற்று விட்ட சொட்டு காயாமல் அப்படியே நின்றது. அவரும் பார்த்தார். தண்ணீரைத் திறந்துவிட்டு வண்டியைக் கழுவலாம் என்று எழுந்தேன்.

"இன்னும் சூடு ஆறல, உட்காரு" என்றார்.