கன்னத்துக்குக் கலந்த நிறம்

கணவர் துறைமுகத்தில் இறந்த பிறகு எனக்குக் கிடைத்த வேலை, ரப்பர் முகமூடிகளுக்குச் சாயம் பூசுவது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், சீன முதலாளி ஒருவரின் பட்டறை; அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதுகளின் கடைசி அது. குரங்கு, கிழவன், கோமாளி, பேய் என்று முகங்கள் அச்சிலிருந்து வெளுப்பாக வரும். கண்ணும் கன்னமும் தீட்டி அனுப்புவேன். தவுக்கேயும் நானும் பேசிக்கொண்டது உடைந்த மலாயில், அதுவும் வேலையைப் பற்றி மட்டும். பப்பலோ ரோட்டில் நான் வாடகைக்கு இருந்த அறையில் அந்தப் பேச்சும் கிடையாது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்காமல் தூங்கப் போயிருக்கிறேன்.

ரப்பருக்கு எண்ணெய்ச் சாயம் ஆகாது. பூசிய அன்று பளபளக்கும். பிறகு மடக்கினால் வெடித்து உதிரும், ரப்பரும் பிசுபிசுத்துப் போகும். அதனால் சாயப் பொடியை ரப்பர் பாலிலேயே கலப்போம். அதன் நெடி கண்ணைக் கரிக்கும். ஈரத்தில் எல்லா நிறமும் வெளுத்துத் தெரியும், காய்ந்தால் கறுக்கும். கலக்கும்போதே காய்ந்த நிறத்தை மனத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் மதியம் தமிழர் ஒருவர் வந்தார். கப்பல் பட்டறையில் கொதிகலன் வெடித்து, அவருடைய இடது கன்னமும் காதும் வெந்து சுருங்கியிருந்தன. கைக்குட்டையால் அந்தப் பக்கத்தை மூடியபடியே பேசினார்.

“முழு முகமூடி வேணாம் தங்கச்சி. இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒண்ணு செஞ்சு தர முடியுமா? ஊருக்குப் போறேன். என் சம்சாரம் இத இன்னும் பாக்கல.”

“அடிபட்டது அவங்களுக்குத் தெரியாதா?”

“கையில லேசா காயம்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

தவுக்கே அவர் முகத்தில் அச்செடுத்து, மெல்லிய தோல் போல ஒரு துண்டு வார்த்துக் கொடுத்தார். நிறம் என் பொறுப்பு. ‘தோல் நிறம்’ என்று விற்ற டப்பாவைத் திறந்தால் இளஞ்சிவப்பு. அந்த நிறத்தில் எங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை. செங்காவியும் மஞ்சளும் சேர்த்தேன். செங்கல் மாதிரி வந்தது. கறுப்பு விட்டேன், சாம்பல் பூத்தது. ஒரு துளி பச்சை விட்ட பிறகுதான் அது மனிதத் தோலாக மாறத் தொடங்கியது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர் பல மதியங்கள் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதல் நாள் நான் பார்க்கப் பார்க்க அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பழகிவிட்டது.

“பஸ்ஸுல எனக்கு எப்பவும் எடம் தாராளம்லா,” என்றார் ஒரு நாள். “யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க.”

என் கணவர் இறந்த நாளை முதன்முதலாக ஒருவரிடம் முழுவதுமாகச் சொன்னது அந்த ஜன்னலோரத்தில்தான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

கடைசியாக, மழித்த தாடி தெரிவதற்கு நீலச் சாம்பலில் புள்ளிகள் வைத்தேன். பசை தடவி ஒட்டிக் கண்ணாடியைக் கொடுத்ததும் வெகுநேரம் பார்த்தார். “போதும் தங்கச்சி,” என்றார். அந்த வாரமே கப்பல் ஏறிவிட்டார்.

மதியமானால் வாசலைப் பார்க்கும் பழக்கம் என்னை விட்டுப் போகப் பல மாதங்கள் ஆயின. அவரை விரும்பினேனா என்றால் எனக்கே தெரியாது. ஒருவர் வருவார் என்று காத்திருப்பது பிடித்திருந்தது.

அடுத்த வருடம் அவர் வெறும் முகத்தோடு வந்தார். கூடவே மனைவி. ரப்பர் துண்டு அந்தப் பெண்ணின் கையில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது.

“வெயில்ல வெளுத்துடுச்சுக்கா,” என்றாள். “வீட்டுல வேணாம்னு நான்தான் கழட்டச் சொன்னேன். வெளிய போறப்ப இது இருந்தா அவருக்குத் தைரியமா இருக்கு.”

“மொதல்ல உங்களுக்குத் தெரியலையா?”

“நாகப்பட்டினத்துல எறங்கினப்பவே தெரிஞ்சுபோச்சு. சிரிச்சா ஒரு பக்கம்தான் அசையுது. வீட்டுக்கு வந்ததும் நானே மெதுவா உரிச்சு எடுத்தேன். ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் எந்திரிச்சு அடுப்பு பத்த வெச்சேன்.”

அவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் கலந்து, ஒரு தீற்று பூசிக் காயவைத்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“காதுகிட்ட இன்னும் கொஞ்சம் கறுப்புக்கா.”

அவள் சொன்னது சரி. அத்தனை மதியங்கள் பார்த்தும் அந்த இடத்தை நான் சரியாகக் கவனித்திருக்கவில்லை. தூரிகையை அவளிடமே கொடுத்தேன். பூசும்போது அவளுடைய இன்னொரு கை அவர் தோளில் இருந்தது.

இருவரும் இங்கேயே குடித்தனம் வைத்தார்கள். ஒரு தீபாவளிக்குக் கூப்பிட்டார்கள், போனேன். ஆட்டுக்கறியும் இட்லியும் பரிமாறினார்கள், பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகும் கூப்பிட்டார்கள்; நான் போகவில்லை. அந்த வீட்டில் இருந்த நேரம் எனக்குச் சந்தோஷம்தான். அங்கிருந்து என் அறைக்குத் திரும்புவதுதான் முடியவில்லை.