மறிச்சுக்கட்டி ஏன் சின்னது?

போன கிழமை கொழும்பிலிருந்து மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். இலங்கை வரைபடம்தான்... ஆனால் மாவட்டங்களைச் சனத்தொகைக்கு ஏற்ப ஊதியும் சுருக்கியும் வரைந்திருந்தார்கள். கொழும்பு பலாப்பழம் மாதிரி. எங்கள் மன்னார்? புளியங்கொட்டை.

"அம்மா, எங்கட இடத்தைக் காணேல்லயே" என்று எழுதியிருந்தாள்.

இப்படி ஒரு படத்தைக் கண்டால் யாரும் முதலில் தேடுவது தங்கள் ஊரைத்தானே? எனக்கோ ஜெஸீமாவின் நினைவு வந்துவிட்டது.

மன்னார் உப்புக்குளத்தில் ஜெஸீமாவும் நானும் பக்கத்து வீடு. ஒரே மாங்காயை மாறி மாறிக் கடித்தபடி பள்ளிக்கூடம் போனவர்கள். அவள் கலியாணமாகி மறிச்சுக்கட்டி என்ற ஊருக்குப் போனாள். தொண்ணூறில், யுத்தத்துக்குள், வடக்கிலிருந்து முஸ்லிம் சனங்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, புத்தளத்துக்கு.

யுத்தம் முடிந்தபின், மறிச்சுக்கட்டி இருக்கிற முசலிப் பகுதியில் ஒரு கூட்டம். எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை முதலில் திறப்பது என்று பேச. ஆசிரியை என்பதால் நானும் போயிருந்தேன். வாசலில், புத்தளத்திலிருந்து வந்த ஜெஸீமா!

"நரைச்சுப் போச்சேடி உனக்கு" என்று கையைப் பிடித்தவள், கூட்டம் தொடங்கும்வரை விடவில்லை.

ஓர் இளம் அதிகாரி இதேபோன்ற படத்தைச் சுவரில் தொங்கவிட்டார். ஊர்கள் எல்லாம் குடியிருப்போர் தொகைப்படி. மறிச்சுக்கட்டி வெறும் புள்ளி. பெரிய ஊர்களுக்குத்தான் முதலிடம் என்றார். அச்சடித்த படமல்லவா... எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஜெஸீமா எழுந்தாள். "மகன், எங்கட ஊர் ஏன் சின்னது?"

"அங்க ஆக்கள் குறைவு அம்மா."

"பள்ளிக்கூடம் இல்லாம புள்ளைகளோட எப்படி வாறது? நாங்க வராததால பள்ளிக்கூடம் இல்ல. பள்ளிக்கூடம் இல்லாததால நாங்க வரல்ல. இது என்ன கணக்கு?"

அதிகாரி படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். "திரும்பி வர இருக்கிற ஆக்களையும் சேர்த்துப் புதுப் படம் கீறிக்கொண்டு வாறன்" என்றார்.

சொன்னபடியே அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். புள்ளியாக இருந்த மறிச்சுக்கட்டி ஊதிப் பெருத்து, அயல் ஊர்களை நெருக்கிக்கொண்டு நின்றது. "எங்கட ஊரை ஏன் தம்பி சுருக்கினீங்கள்?" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். ஜெஸீமா கிட்டப் போய்ப் படத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இவ்வளவு பேர் இருந்தமாடி..." என்றாள் என்னிடம்.

வரைபடம் பொய் சொல்லாதாம். சொல்லாதுதான் — ஆனால் யாரை எண்ணினார்கள் என்று நாம் கேட்டால்தான் முழு உண்மையையும் சொல்லும்.

அடுத்த தை மாதம் தகரக் கூரையின் கீழ் மறிச்சுக்கட்டிப் பள்ளிக்கூடம் தொடங்கியது. பிள்ளைகளின் இரைச்சலைக் கேட்டபடி மரத்தடியில் நின்றோம். ஜெஸீமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள். "இனி ஊருக்கு ஒரு பஸ்ஸைக் கேட்போம்."